வாசற்படியில் நிற்கும் வெளியீடு

லினக்ஸ் என்று பொதுவாக அழைக்கப்படுவது ஒரே நிறுவனம் ஒரே கூரையின் கீழ் உருவாக்கிப் பெட்டியில் அடைத்து விற்கும் பண்டம் அன்று. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல், அதாவது வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் உட்கரு நிரல், அதன் ஒரு பகுதி மட்டுமே. அதைச் சுற்றிக் குனு திட்டத்தின் கருவிகள், திரையில் சாளரங்களை வரையும் நிரல்கள், எழுத்துருக்கள், உலாவி, அலுவலகத் தொகுப்பு என உலகின் பல மூலைகளில் வெவ்வேறு குழுக்கள் எழுதிய ஆயிரக்கணக்கான பொதிகள் வந்து சேரும்போதுதான், ஒருவர் தம் கணினியில் வைத்துப் பயன்படுத்தத்தக்க இயங்குதளம் கிடைக்கிறது. இவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்து, ஒரே கோப்பாகக் கட்டித் தருவதற்கு வழங்கல் என்று பெயர். டெபியன், ஃபெடோரா, உபுண்டு, சென்னையில் உருவான பாஸ் ஆகியவை அத்தகைய வழங்கல்கள்.

ஒரு வழங்கலின் புதிய பதிப்பு நேராக மக்கள் கைக்கு வருவதில்லை. முதலில் துணிந்தவர்கள் மட்டும் தொட்டுப் பார்க்க ஆல்ஃபா, பிறகு பரவலான சோதனைக்கு பீட்டா, கடைசியாக இதுவே இறுதியாகலாம் என்ற நிலையில் வெளியீட்டு வேட்பாளர் எனப் படிப்படியாகச் சோதனை வெளியீடுகள் வரும். இந்த வெளியீடுகளின் வரலாற்றைப் புரட்டினால் ஒரே நிகழ்ச்சி திரும்பத் திரும்பத் தென்படுகிறது: குறித்த நாளுக்கு நான்கைந்து நாட்கள் இருக்கும்போது ஒரு வழு, அதாவது நிரலில் உள்ள பிழை, கண்டுபிடிக்கப்படுகிறது, வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போகிறது, விசாரித்தால் வழு பல வேளைகளில் நிறுவியில் இருக்கிறது. நிறுவி என்பது இயங்குதளத்தைக் கணினியில் ஏற்றி வைக்கும் நிரல். வேலை முடிந்ததும் மறைந்துவிடும், அன்றாடப் பயன்பாட்டில் யார் கண்ணிலும் படாத நிரல். அப்படிப்பட்ட ஒன்று ஆயிரக்கணக்கான பொதிகளையும் வாசற்படியில் நிறுத்தி வைப்பது ஏன் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

நிறுவி செய்யும் வேலை

நிறுவியின் வேலையை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நான்கைந்து கேள்விகளைக் கேட்டுவிட்டு ஒரு பட்டை நிரம்பும்வரை காத்திருக்கச் சொல்லும் எளிய நிரலாகவே தோன்றும். உள்ளே நடப்பது வேறு. கணினி யூஎஸ்பி குச்சியிலிருந்து துவங்கும்போது புதிய இயங்குதளத்தின் எதுவும் வன்தட்டில் இன்னும் இல்லை. ஆகவே நிறுவி தனக்கு வேண்டிய கெர்னல், கோப்புகள், திரை வரையும் நிரல் அனைத்தையும் தற்காலிக நினைவகமான ரேமில் விரித்து, அங்கே ஒரு சிறிய இயங்குதளத்தை நடத்தியபடிதான் பெரிய இயங்குதளத்தைக் கட்டுகிறது. அடுத்து அது கணினியில் என்னென்ன வன்பொருள்கள் உள்ளன என்று ஆராய்கிறது. மொழி, விசைப்பலகை, நேர மண்டலம் ஆகியவற்றைக் கேட்கிறது. வன்தட்டைப் பார்ட்டிஷன் எனப்படும் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கோப்பு முறைமையை எழுதுகிறது. பொதிகளை அவற்றின் சார்புகள், அதாவது ஒன்றுக்கு மற்றொன்று தேவைப்படும் உறவுகள், கெடாத வரிசையில் இறக்குகிறது. இறுதியில் துவக்க ஏற்றியை, அதாவது மின்விசையை அழுத்தியவுடன் கெர்னலைத் தேடி எடுத்து ஓடவிடும் சிறு நிரலை, அதற்குரிய இடத்தில் பொருத்துகிறது.

இந்தப் படிகளுள் வன்தட்டைப் பிரிப்பதற்குத் தனி இடம் உண்டு. மற்ற நிரல்கள் தவறினால் ஒரு சாளரம் மூடிக்கொள்ளும், அல்லது ஓர் ஆவணம் சேமிக்கப்படாமல் போகும். பார்ட்டிஷன் அட்டவணையை எழுதும் நிரல் தவறினால், அதே வன்தட்டில் ஏற்கெனவே இருந்த வேறொரு இயங்குதளமும் அதற்குள் இருந்த பல்லாண்டுப் புகைப்படங்களும் கணக்குகளும் ஒருசேரப் போய்விடும். பிறருடைய பொருளைக் கையில் எடுத்துத் திருத்தும் உரிமை பெற்ற நிரல் நிறுவி. அந்த உரிமைதான் அதன் வழுக்களைப் பிற வழுக்களோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாதபடி செய்கிறது.

கடைசியில் மட்டும் தெரிவது

நிறுவியின் வழுக்கள் கடைசி வாரத்தில் வெளிப்படுவது சோம்பலாலோ கவனக்குறைவாலோ அன்று. அதற்குக் கட்டமைப்பிலேயே காரணம் இருக்கிறது. நிறுவி தனித்து இயங்குவதில்லை. கெர்னல், வன்தட்டுக் கருவிகள், வலையிணைப்புக் கருவிகள், எழுத்துரு நூலகங்கள், பொதி மேலாளர் என எல்லாவற்றின்மேலும் அது ஏறி நிற்கிறது. இவற்றுள் எது ஒன்று மாறினாலும், நிறுவியின் நிரலில் ஒரு வரியும் மாறாத நிலையிலேயே, அது உடைந்துவிடக்கூடும். மேலும், எல்லாப் பொதிகளையும் ஒன்றாகத் தொகுத்து ஐஎஸ்ஓ எனப்படும் ஒற்றைக் கோப்பாகக் கட்டிய பிறகுதான் நிறுவியை உள்ளபடி ஓட்டிப் பார்க்க முடியும். பொதிகளில் இனி மாற்றம் கூடாது என்று அறிவிக்கும் உறைவுக் காலம் தொடங்கிய பின்னரே அந்தக் கோப்பு நிலையான வடிவம் பெறுகிறது. கல்யாணச் சமையலில் மற்றப் பதார்த்தங்களைத் தனித்தனியே ருசி பார்த்துவிடலாம், பந்தி சரியாக நடக்குமா என்பதை இலை போட்ட பிறகுதான் பார்க்க முடியும் என்பது போன்ற நிலை இது.

இதனால் ஒரு சுழலும் உண்டாகிறது. மற்ற பொதிகளில் உள்ள வழுக்களைக் கண்டறியச் சோதனையாளர்கள் புதிய பதிப்பைத் தங்கள் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு நிறுவி வேலை செய்ய வேண்டும். நிறுவி வேலை செய்கிறதா என்று அறியவும் அதே சோதனையாளர்கள்தான் வேண்டும். ஆகவே சோதனை வெளியீட்டிலேயே நிறுவி பழுதாக இருந்தால், அந்த வெளியீட்டின் நோக்கமே நிறைவேறாமல் போகிறது.

நிறுவிக்கும் வழங்கலின் மற்றப் பகுதிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட, நெமிலிச்சேரியைக் கடந்து செல்லும் சென்னை வெளிவட்டச் சாலை உதவும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறத்தாழ 62 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலையில், வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரையிலான சுமார் 30 கிலோமீட்டர் முதல் கட்டமாக 2014-இல் திறக்கப்பட்டது. நெமிலிச்சேரிக்கு வடக்கே உள்ள பகுதி பின்னால் வந்தது. பாதிச் சாலை திறந்தபோது பாதிப் பயன் கிடைத்தது. பூந்தமல்லியிலிருந்து வண்டலூருக்குச் செல்பவருக்கு மீஞ்சூர்ப் பகுதி முடிந்ததா என்ற கவலை இல்லை. வழங்கலின் பெரும்பாலான பகுதிகளும் இப்படித்தான்: முடிக்கப்படாத வசதியை அடுத்த பதிப்புக்கு ஒதுக்கிவிட்டு மீதியை வெளியிடலாம். நிறுவியை மட்டும் பாதியில் திறக்க இயலாது. பத்துப் படிகளில் ஒன்பதைச் சரியாகச் செய்துவிட்டு, துவக்க ஏற்றியைப் பொருத்தும் பத்தாம் படியில் தவறிய நிறுவி விட்டுச் செல்வது, திறக்கவே முடியாத கணினியைத்தான்.

கணக்கு மிரட்டுவது எப்படி

எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதித்துவிட்டால் என்ன என்ற கேள்விக்குச் சிறு கணக்கு ஒன்று விடை தரும். கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ என 2 வகை. வன்தட்டு, சாட்டா எஸ்எஸ்டி, என்விஎம்ஈ எனச் சேமிப்பகம் 3 வகை. முழுத்தட்டையும் எடுத்துக்கொள்ளுதல், இருக்கும் இயங்குதளத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தல், பயனர் கையாலேயே பிரித்தல், மறையாக்கத்துடன் பிரித்தல் எனப் பிரிக்கும் முறை 4. வலையிணைப்பு உண்டு, இல்லை என 2. யூஎஸ்பி, டிவிடி என ஊடகம் 2. இவற்றைப் பெருக்கினால் 96 சேர்க்கைகள். ஒரு நிறுவலுக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இதற்கு மட்டும் 40 மணி நேரம் ஆகும். 20 மொழிகளிலும் இதைச் செய்து பார்ப்பதென்றால் 1,920 நிறுவல்கள், 800 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் உட்காரும் ஒருவருக்கு 100 நாள் வேலை. கடைசி வாரத்தில் ஒரு வழுவைத் திருத்திப் புதிய ஐஎஸ்ஓ கட்டப்படும்போது, முந்தைய கோப்பில் செய்த சோதனைகளுள் பலவற்றைக் கொள்கையளவில் மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இந்தப் பளுவைக் குறைக்க ஓப்பன்சூசே திட்டத்தில் உருவான ஓப்பன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனைக் கருவியை ஃபெடோராவும் பயன்படுத்துகிறது. அது மெய்நிகர்க் கணினி ஒன்றில், அதாவது மென்பொருளாலேயே உருவாக்கப்பட்ட பாவனைக் கணினியில், நிறுவியை ஓட்டி, மனிதர் அழுத்துவது போலவே விசைகளை அழுத்தி, திரையில் தோன்றும் படத்தை எதிர்பார்க்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. எனினும் பாவனைக் கணினியின் வன்பொருள் ஒழுங்கானது. சென்னை ரிச்சி தெருவில் வெவ்வேறு கடைகளில் வாங்கிய பாகங்களைக் கோத்துச் செய்த கணினியில் நேரும் விசித்திரங்கள் அதில் நேர்வதில்லை. அவை வெளிப்பட மனிதர்களும் பழைய கணினிகளும் வேண்டியிருக்கிறது. சோதனை வெளியீடு என்ற ஏற்பாடு நிலைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே.

டெபியன் கற்ற பாடம்

1993-இல் தொடங்கிய டெபியன் திட்டம், முழுமையடையாத வெளியீட்டின் விலையைத் தன் இளமையிலேயே கொடுத்தது. 1995 இறுதியில், இன்னும் உருவாகிக்கொண்டிருந்த ஒரு பதிப்பைக் குறுவட்டு வணிகம் செய்த இன்ஃபோமேஜிக் நிறுவனம் 1.0 என்ற எண்ணிட்டு வெளியிட்டுவிட்டது. அது சரியாகத் துவங்கவும் இல்லை. கடையில் கிடைக்கும் அந்தப் பழுதான வட்டோடு உண்மையான பதிப்பை மக்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதால், டெபியன் 1.0 என்ற எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் தன் பதிப்பை 1.1 என்று வெளியிட்டது.

பின்னாளில் டெபியன் பெரிய தாமதம் ஒன்றைச் சந்தித்தபோதும் நிறுவி அதன் நடுவில் இருந்தது. 2002 ஜூலையில் வெளியான 3.0 பதிப்பு வரை பயன்பட்ட பழைய நிறுவல் முறை, நெகிழ்வட்டுக் காலத்துக்காக எழுதப்பட்டது. பலவகைக் கணினிகளுக்கு அதைப் பராமரிப்பது இயலாத நிலை வந்ததால், சிறு சிறு கூறுகளைத் தேவைக்கேற்பக் கோத்துக்கொள்ளும் புதிய நிறுவி அடியிலிருந்து எழுதப்பட்டது. சார்ஜ் என்ற பெயர் கொண்ட 3.1 பதிப்பு 2003 டிசம்பரில் வரும் என்று முதலில் குறிக்கப்பட்டது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கான ஏற்பாடுகள் உள்ளிட்ட வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, அது வெளிவந்தது 2005 ஜூன் 6 அன்று. அவ்வளவு காத்திருந்த பின்னும் கடைசி நேர வழு விடவில்லை: குறுவட்டிலிருந்து நிறுவியவர்களின் கணினியில், பாதுகாப்புத் திருத்தங்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் ஒற்றை வரியில், நிலையான பதிப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் சோதனைப் பதிப்பு என்று இருந்ததால், அவர்களுக்குத் திருத்தங்கள் வந்து சேராது என்பது வெளியீட்டுக்குப் பிறகே தெரிந்தது. ஒரு சொல் பிழைக்காக வட்டுக் கோப்புகள் அனைத்தும் மீண்டும் கட்டப்பட்டன.

தமிழ் எழுத்து நிறுவிக்குள் நுழைந்தது

நிறுவியின் சிக்கல் தமிழர்களுக்கு வேறொரு வழியாகவும் நெருக்கமானது. லினக்ஸின் எழுத்து முனையம், அதாவது படங்கள் இன்றி எழுத்துகளை மட்டும் கட்டங்களில் காட்டும் கறுப்புத் திரை, ஒரே நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களையே கையாளக்கூடியது. அவற்றையும் இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாகவே வைக்கும். 'கோ' என்ற எழுத்து யூனிகோடில் ககரமும் ஓகாரக் குறியும் ஆகிய இரண்டு குறியீடுகளால் சேமிக்கப்படுகிறது. திரையில் அது காட்டப்படும்போதோ ககரத்துக்கு முன் இரட்டைக் கொம்பும் பின் துணைக்காலும் வந்து மூன்று துண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. இவ்வாறு வடிவங்களை இடம் மாற்றி அடுக்கும் வேலை எழுத்து முனையத்தால் ஆகாது. ஆகவே வரைகலைத் திரை இல்லாத நிறுவியில் தமிழ் மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் காட்ட வழியில்லை.

2007 ஏப்ரல் 8 அன்று வெளியான டெபியன் 4.0 பதிப்பின் நிறுவி 58 மொழிகளில் கிடைத்தது. அதில் புதிதாகச் சேர்ந்த வரைகலை நிறுவியில் மட்டுமே காட்டத்தக்க மொழிகளாக வங்காளம், இந்தி, மலையாளம் முதலியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. ஒரு மொழியைச் சேர்ப்பது சோதிக்க வேண்டிய பாதைகளையும் பெருக்கும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்த ஒருவருக்குப் பயனர்பெயரை ரோமன் எழுத்தில் தட்ட வேண்டிய தேவை இருக்கிறது. நிறுவி இரண்டு விசைப்பலகைகளையும் அமைத்து, இடையே மாறும் வழியையும் தராவிட்டால், நிறுவல் வெற்றியாக முடிந்த கணினியில் அவரால் உள்நுழையவே முடியாது. எல்லாப் படிகளும் சரி என்று காட்டிவிட்டுக் கடைசியில் பூட்டிக்கொள்ளும் இவ்வகை வழுவை ஆங்கில விசைப்பலகையில் சோதிப்பவர் எத்தனை முறை முயன்றாலும் காணமாட்டார்.

கடைசி நேரத் திருத்தம் மொழிபெயர்ப்பாளர்களையும் பாதிக்கிறது. மொழிபெயர்க்கப் போதிய காலம் கிடைப்பதற்காக, வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே திரைச் சொற்கள் உறைய வைக்கப்படுகின்றன. அதன் பிறகு ஒரு வழுவுக்காக எச்சரிக்கை வாக்கியம் ஒன்றை மாற்றினால், ஏனைய வாக்கியங்கள் தமிழில் இருக்க அந்த ஒன்று மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். படிக்காமல் கடந்துவிடக் கூடாத எச்சரிக்கையே அயல்மொழியில் நிற்பது நல்லதன்று என்பதால், திரையில் ஒரு சொல்லும் மாறாதபடி வழுவைத் திருத்துவதும் நிறுவியை எழுதுவோரின் கட்டுப்பாடுகளுள் ஒன்றாகிறது.

ஃபெடோரா 18: எழுபது நாட்கள்

நிறுவியால் வெளியீடு தள்ளிப்போனதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஃபெடோரா 18. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் நடக்கும் ஃபெடோராவின் நிறுவிக்கு அனகோண்டா என்று பெயர். அதுவரை அது ஒரு திரையில் கேட்டு அடுத்த திரைக்கு நகரும் நேர்கோட்டு முறையில் இருந்தது. 18-ஆம் பதிப்புக்காக, நடுவே ஒரு தொகுப்புத் திரையும் அதிலிருந்து மொழி, வன்தட்டு, பொதிகள் எனப் பிரிந்து சென்று திரும்பும் கிளைகளுமாக, சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் போன்ற அமைப்பில் அதன் முகப்பு புதிதாக எழுதப்பட்டது. முன்பு நிறுவியே செய்துவந்த பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தும் வேலை, தனிக் கருவி ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

பயனருக்கு இது நல்ல மாற்றம். சோதிப்பவருக்கு இது சிக்கலான மாற்றம். நேர்கோட்டு முறையில் ஒரு திரைக்கு முன் என்ன நடந்திருக்கும் என்பது உறுதி. ஆரக்கால் முறையில் பயனர் வன்தட்டை முதலில் தேர்ந்தெடுக்கலாம், பிறகு பொதிகளை மாற்றலாம், மீண்டும் வன்தட்டுக்குத் திரும்பி மனம் மாறலாம். ஆறு கிளைகள் இருந்தால் அவற்றை ஒருமுறை மட்டும் தொடும் வரிசைகளே 720. இவற்றுள் எந்த வரிசையிலும் முந்தைய முடிவின் எச்சம் பின்னதைக் கெடுத்துவிடக் கூடாது.

ஃபெடோரா 18-இன் இறுதி வெளியீடு முதலில் 2012 நவம்பர் 6 என்று குறிக்கப்பட்டிருந்தது. வாரம் வாரமாகத் தள்ளிப்போனதில், அதற்கு முந்தைய படியான பீட்டா வெளியீடே நவம்பர் 27 அன்றுதான் வந்தது. அதாவது, இறுதி வெளியீட்டுக்கு முதலில் குறித்த நாள் கடந்து மூன்று வாரங்களுக்குப் பிறகு. முழுப் பதிப்பு 2013 ஜனவரி 15 அன்று வெளிவந்தது. எழுபது நாட்கள் தாமதம். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற தாளகதியில் நடக்கும் திட்டத்துக்கு இது சிறிய இடைவெளி அன்று.

போகலாமா, நிற்கலாமா

இத்தகைய வேளைகளில் முடிவு யாரோ ஒருவரின் மனநிலைப்படி எடுக்கப்படுவதில்லை. ஃபெடோராவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளியீட்டு நிபந்தனைகள் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றை மீறச் செய்யும் வழு 'தடை வழு' ஆகிறது, அது தீராதவரை வெளியீடு இல்லை. குறித்த நாளுக்குச் சில நாட்கள் முன்பு தரச்சோதனைக் குழு, வெளியீட்டைக் கட்டும் குழு, உருவாக்குநர்கள் ஆகியோர் கூடி, ராக்கெட் ஏவுதளங்களின் வழக்கத்தைப் பின்பற்றி, போகலாமா நிற்கலாமா என்று தீர்மானிக்கிறார்கள்.

ராக்கெட்டோடு உள்ள இந்த ஒப்புமை பெயரளவில் நின்றுவிடுவதன்று. 2019 ஜூலை 15 அதிகாலையில் ஸ்ரீஹரிகோட்டாவில் சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடங்கள் இருந்தபோது ஏவுகலத்தில் ஒரு கோளாறு தெரிய வரவே, இறங்குமுக எண்ணிக்கை நிறுத்தப்பட்டு, ஒரு வாரம் கழித்து ஜூலை 22 அன்று அது ஏவப்பட்டது. தரையில் இருக்கும்வரை கோளாறைத் திருத்தலாம். கிளம்பிய பின் திருத்த ஆள் போக முடியாது. வழங்கலின் மற்றப் பொதிகள் தரையில் நிற்கும் வண்டி போன்றவை: உலாவியில் ஒரு வழு இருந்தால் மறுநாள் இணையம் வழியே புதிய பதிப்பு வந்து அதைச் சரிசெய்துவிடும். நிறுவியோ, ஐஎஸ்ஓ கோப்பாக உறைந்து, உலகெங்கும் உள்ள பிரதிச் சேவையகங்களுக்கும் யூஎஸ்பி குச்சிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அது தன் வேலையைச் செய்யும் நேரத்தில் கணினியில் புதிய இயங்குதளம் இன்னும் இல்லை, ஆகவே வழக்கமாகத் திருத்தம் வந்து இறங்க இடமும் இல்லை. அதன் தவறு வெளிப்படும்போது தவறு நிகழ்ந்து முடிந்திருக்கும்.

ஆனால் ஒவ்வொரு வழுவுக்கும் நின்றுகொண்டே இருந்தால் எந்த வெளியீடும் வராது. சோதனையாளர்கள் தேடத் தேடப் புதிய வழு கிடைத்துக்கொண்டே இருக்கும். இதை உணர்ந்த ஃபெடோரா, தீர்மானக் கூட்டத்துக்கு முந்தைய சில நாட்களுக்குள் முன்மொழியப்படும் தடை வழுவை, சூழ்நிலையை எடைபோட்டு அடுத்த வெளியீட்டுக்கு ஒத்திவைக்கலாம் என்று ஒரு விலக்கையும் விதிகளில் சேர்த்திருக்கிறது. எத்தனை பேரைப் பாதிக்கும், தரவு அழியுமா, மாற்று வழி உண்டா, திருத்தமே புதிய வழுவைக் கொண்டுவருமா என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாதிக்கப்படுவோர் மிகச் சிலர் என்றாலும் அவர்களின் தரவு அழியும் என்றால், தராசு நிற்கலாம் என்ற பக்கமே சாய்கிறது.

காக்களூரில் வழங்கப்பட்ட இரட்டைத் துவக்கம்

பாதிக்கப்படுவோரின் எண்ணிக்கைக்குப் பொருள் என்ன என்பதைத் தமிழ்நாடு நேரடியாகவே அறியும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் வழங்கலின் முதல் பதிப்பு 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டபோது, அந்தக் கணினிகளுக்கு விண்டோசும் பாஸ் லினக்ஸும் சேர்ந்த இரட்டைத் துவக்க அமைப்பு வகுக்கப்பட்டிருந்தது. முதல் ஆண்டுக்குத் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கேட்ட மடிக்கணினிகள் 9.12 லட்சம். இந்த அளவில், ஆயிரத்தில் ஒரு கணினியில் மட்டும் தலைகாட்டும் வழுகூட 912 மாணவர்களின் வழு ஆகும். வீட்டில் வேறு கணினி இல்லாத மாணவருக்கு அதுவே முழுப் பழுது.

தொழிற்சாலையில் இயங்குதளம் ஏற்றப்படும்போது நிறுவி ஒவ்வொரு கணினியிலும் ஓடுவதில்லை. ஒரே மாதிரிக் கணினிகளுக்கு ஒரு மூலப்படி எடுத்து மற்றவற்றில் நகலெடுத்துவிடுவார்கள். சிக்கல் தொடங்குவது பின்னால், மாணவர் தாமே வேறொரு வழங்கலையோ புதிய பதிப்பையோ நிறுவ முற்படும்போது. இரட்டைத் துவக்கத்தில் நிறுவி இன்னொருவர் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை எடுத்துக்கொள்கிறது. அந்த இன்னொருவரின் பழக்கங்களை அது அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் வழக்கமாகக் கணினியின் உட்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. நிறுவி இதைக் கவனிக்காமல் விட்டால், லினக்ஸிலிருந்து விண்டோசுக்கு மாறும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் நிற்கும். இது அச்சமூட்டும், ஆனால் தீங்கற்ற வழு. 2010 ஏப்ரல் 29 அன்று உபுண்டு 10.04 வெளியாக வேண்டிய நாளில் கண்டறியப்பட்டது இன்னும் ஒரு படி கடுமையானது: சில நிறுவல்களில், துவக்கப் பட்டியலில் மற்ற இயங்குதளங்களின் பெயரே வரவில்லை. தரவு எதுவும் அழியவில்லை. ஆனால் தம் விண்டோஸ் காணாமல் போனதாக நம்பும் பயனர், அதை மீட்க முயன்று உண்மையிலேயே அழித்துவிடும் வாய்ப்பு இருந்தது. வெளியீட்டு நாளிலேயே கோப்புகள் மீண்டும் கட்டப்பட்டன.

விடுபட்ட எண்கள்

தாமதம் காத்தவற்றைக் கணக்கிட முடியாது. தாமதிக்காமல் போனவை மட்டும் பதிவாகின்றன. 2017 அக்டோபரில் வெளியான உபுண்டு 17.10, சில லெனோவோ மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாதபடி கெடுத்துவிடுவது தெரிந்ததும், அதன் கோப்பு டிசம்பரில் தரவிறக்கப் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டு, காரணமான கெர்னல் கூறு அகற்றப்பட்ட பின் 2018 ஜனவரி 12 அன்று மீண்டும் வைக்கப்பட்டது. 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் யாரோ திட்டமிட்டு மறைத்துவைத்த கள்ளவாசல் கண்டுபிடிக்கப்பட்டபோது, உபுண்டு 24.04-இன் பீட்டா ஏப்ரல் 4-இலிருந்து 11-க்குத் தள்ளி வைக்கப்பட்டு, பொதிகள் புதிதாகக் கட்டப்பட்டன. 2025 ஏப்ரல் 15 அன்று வந்த ஃபெடோரா 42-இல், நிறுவாமல் வெறுமனே யூஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்த்தால்கூட யூஇஎஃப்ஐ துவக்கப் பட்டியலில் ஒரு வரி தானாகச் சேர்ந்துவிடும் வழு மிகத் தாமதமாகவே தெரிந்தது. தீங்கு சிறிது என்று எடைபோட்டு, அதை அறிவிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வெளியிட்டார்கள். முதலாவதில் திரும்பப் பெற்றதும் இரண்டாவதில் நின்றதும் மூன்றாவதில் போனதும் ஒரே தராசின் முடிவுகள்.

நிறுத்துவதற்கான மனத்திடம் எவ்வளவு கடைசி நேரம்வரை தேவைப்படும் என்பதை 2023 டிசம்பர் காட்டியது. டெபியன் 12.3 திருத்தப் பதிப்பு டிசம்பர் 9 அன்று வெளியாக இருந்தது. பொதிகள் சேவையகங்களை அடைந்துவிட்டன, வட்டுக் கோப்புகள் தயாராகிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில், அதிலுள்ள கெர்னலின் ஒரு வழு, பரவலாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் தரவைச் சிதைக்கக்கூடியது என்று தெரிய வந்தது. வட்டுக் கோப்புகளின் வேலை நிறுத்தப்பட்டது. கெர்னலை மேம்படுத்த வேண்டாம் என்று பயனர்களுக்கு எச்சரிக்கை தரப்பட்டது. திருத்தப்பட்ட கெர்னலோடு மறுநாள் 12.4 வெளிவந்தது.

டெபியனின் வட்டுக் கோப்புகளை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்ப்பவருக்கு அதனால் இரண்டு எண்கள் தென்படமாட்டா: 1.0, 12.3. முதலாவது, பழுதான ஒன்று வெளியே போய்விட்டதால் விடுபட்டது. இரண்டாவது, பழுதான ஒன்று வட்டுக்குள் போகாமல் தடுக்கப்பட்டதால் விடுபட்டது. இரண்டுக்கும் இடையே 28 ஆண்டுகள்.